உள்ளே போக ஒரு துணை

மனைவி இறந்தால் மற்றவர்களுக்கு மனைவி மட்டும்தான் போவாள். கபாலி குருக்களுக்குச் சாமியும் கூடவே போய்விட்டார்.

குருக்கள் வீடுகளில் அது பழைய சட்டம். மூலவரைத் தொட்டுப் பூஜை செய்கிறவருக்குக் கல்யாணம் ஆகியிருக்க வேண்டும். ஆகியிருந்தால் மட்டும் போதாது, மனைவி உயிரோடும் இருக்க வேண்டும். அவள் கண்ணை மூடிவிட்டால் இவர் கருவறைப் படிக்கு இந்தப் பக்கம் வந்துவிட வேண்டியதுதான். மந்திரம் மறந்திருக்காது, கை நடுங்காது, ஆனாலும் தகுதி போய்விடும். ஆபீசில் ஓய்வு பெறுகிறவருக்காவது மாலை போட்டு ஒரு கைக்கடிகாரம் கொடுத்து அனுப்புவார்கள். இங்கே காரியமெல்லாம் முடிந்த மறுநாள் தம்பி மகன் ஸ்கந்தன் வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றான். குருக்கள் இடுப்பிலிருந்த சாவியை அவிழ்த்து அவன் கையில் வைத்தார். விழா அவ்வளவுதான்.

திருவண்ணாமலைக்கு வருகிறவர்கள் பெரிய கோயிலைப் பார்க்கிறார்கள், மலையைச் சுற்றுகிறார்கள், பௌர்ணமியென்றால் எங்கள் தெருவில் எங்களுக்கே நடக்க இடம் விடுவதில்லை. செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்துக்குள் மழுவேந்தீஸ்வரர் என்று ஒருவர் இருப்பது அவர்களில் யாருக்கும் தெரியாது. தெரிந்து வருகிறவர்களிலும் பாதிப் பேர் நிழல் தேடி வருகிறவர்கள். எந்தக் காலத்துக் கோயில் என்று கேட்டால் ஆளுக்கொரு நூற்றாண்டு சொல்வார்கள். வாசலில் பூ விற்கும் வெள்ளையம்மாள், உள்ளே ஒரு நந்தி, தாழ்வான ஒரு மண்டபம், அதற்கும் உள்ளே பகலிலும் விளக்கு வேண்டியிருக்கிற கருவறை. சாமி முழங்கால் உயரம்தான்.

அந்தச் சாமியைக் குருக்கள் கண்ணால் பார்த்ததைவிடக் கையால் பார்த்ததுதான் ஜாஸ்தி. உச்சியில் லேசாக ஒரு பள்ளம். இடது பக்கம் உளி சரியாக ஓடாத ஓரிடம், அங்கே மட்டும் சந்தனம் நன்றாகப் பிடிக்கும். சித்திரை வெயிலில் மண்டபத் தரை கொதித்தாலும் அந்தக் கல் உள்ளங்கையில் சில்லென்று இருக்கும். கல்யாணமான வருஷம் தொட ஆரம்பித்தவர், தீட்டு நாட்கள் தவிர ஒரு நாளும் தொடாமல் இருந்ததில்லை. இப்போது வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது வலது கை தானாக உருண்டையாகக் குவிந்து எதையோ துடைத்துக்கொண்டிருக்கும். பார்த்தால் நாற்காலியின் கைப்பிடியாக இருக்கும்.

சொர்ணாம்பாள் ஐப்பசி மழையில் காய்ச்சல் என்று படுத்தவள். டாக்டர் ஊசி போட்டார், வேலூருக்குக் கொண்டுபோகச் சொன்னார், கொண்டுபோன இடத்தில் போய்விட்டாள். குழந்தைகள் இல்லை. வீட்டில் இருந்ததே இரண்டு பேர், அதில் பேசுகிற ஆள் அவள்தான். குருக்கள் வீட்டில் பேசியதெல்லாம் உப்பு கம்மி, காபி ஆறிப்போச்சு, வேஷ்டி எங்கே என்கிற அளவில்தான். அதற்கும் அவள் ஒன்றுக்கு நாலாகப் பதில் சொல்வாள். இப்போது உப்பு கம்மி என்று சொல்லவும் ஆள் இல்லை, சமைத்ததும் அவரே.

குருக்கள் அழுதார். அழவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அழும்போதெல்லாம் அவருக்குள் ஒரு சந்தேகம் குடைந்தது. அழுவது சொர்ணாம்பாளுக்காகவா, சாமிக்காகவா? மனசைத் தொட்டுச் சொல்லச் சொன்னால் சாமிக்காகத்தான் என்று சொல்லியிருப்பார். அதை நினைத்து வெட்கப்பட்டு இன்னொரு தடவை அழுதார்.

விடிவதற்கு முன்னே விழிப்பு வந்துவிடும். குளித்து, திருநீறு பூசி, சாவி இல்லாததை இடுப்பில் தடவிப் பார்த்து உணர்ந்து, ஸ்கந்தன் வருவதற்கு முன்பே கோயில் வாசலில் போய் நிற்பார். அவன் உள்ளே போனதும் இவர் கருவறைப் படிக்கு வெளியே எதிரில் நின்றுகொள்வார். நின்றால் சும்மா நிற்க வேண்டாமா?

“டேய், பால் விடறதா, கொட்டறதா? ஒரு தாரையா விடுடா.”

“ஒரு தாரையாத்தான் பெரியப்பா விடறேன்.”

“வஸ்திரத்தை அப்படியா சுத்துவா? இடது பக்கம் இழு. அந்தப் பக்கம் எப்பவும் நழுவும்.”

“இழுத்துட்டேன் பெரியப்பா.”

“சந்தனம் தண்ணியா இருக்கு.”

ஸ்கந்தன் நல்ல பையன். பையன் என்றால் முப்பத்தைந்து வயசு, வீட்டில் கீர்த்தனா என்று ஒரு மனைவி, பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண். பெரியப்பா வாய்க்கு வந்தபடி சொல்வதையெல்லாம் அவன் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு கேட்டுக்கொள்வான். ஆனால் அவனுக்கும் ஒரு அவசரம் இருந்தது. மலேசியாவில் ஈப்போ பக்கத்தில் ஒரு கோயிலில் கூப்பிட்டிருந்தார்கள். தங்க வீடு, பெண்ணுக்குப் படிப்பு, எல்லாம் பேசியாகிவிட்டது. பங்குனி முடிவதற்குள் வரச் சொன்னார்கள். அவன் போய்விட்டால் மழுவேந்தீஸ்வரரைத் தொட இந்தக் குடும்பத்தில் வேறு ஆள் கிடையாது.

ஒருநாள் பூஜை முடிந்து கதவைச் சாத்தும்போது அவனே ஆரம்பித்தான்.

“பெரியப்பா, கோபிச்சுக்கப்படாது. நீங்க இன்னொரு கல்யாணம் பண்ணிண்டா என்ன?”

குருக்கள் கையிலிருந்த சொம்பை ணங்கென்று தரையில் வைத்தார். வாசலில் வெள்ளையம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

“அறுபது தாண்டினவனுக்கு மாலையும் மேளமுமா? ஊர் சிரிக்கும்டா!”

“ஊர் சிரிச்சா சிரிக்கட்டும். நம்மவாள்ல எத்தனையோ பேர் பண்ணிண்டிருக்கா. சாஸ்திரத்துல இடம் இருக்கு. நீங்க மறுபடி உள்ளே போலாம்.”

ஆண்பிள்ளைக்குச் சாஸ்திரத்தில் எப்போதும் இடம் இருக்கும். அதில் அது ஒரு நாளும் கஞ்சத்தனம் பண்ணியதில்லை. குருக்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். ஆனால் ‘மறுபடி உள்ளே போலாம்’ என்ற சொல் மட்டும் அவர் கூடவே நடந்து வந்தது.

அன்றைக்கு மத்தியானம் அவர் ஒரு காரியம் செய்தார். அதுவரை அவர் வெளியில் எங்கும் சாப்பிட்டதில்லை. சாமியைத் தொடும் கை, வீட்டுச் சாப்பாடு தவிர எதையும் தொடக் கூடாது. வெங்காயம், பூண்டு வாசலுக்கே வராது. இப்போதுதான் சாமியைத் தொடப் போவதில்லையே, இனி யாருக்காக இந்தப் பத்தியம்? ரமணாசிரமம் பக்கம் நடந்துபோய் வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் ஒரு ஓட்டலில் நுழைந்தார். வெங்காய ஊத்தப்பம் ஒன்று கொண்டுவரச் சொன்னார். பக்கத்து மேஜையில் ருத்திராட்சம் போட்ட ஒரு வெள்ளைக்கார அம்மாள் அவரைப் பார்த்துக் கைகூப்பிச் சிரித்தாள். பதிலுக்கு இவரும் கைகூப்பினார். அவளும் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தாள். ஆனால் அவள் தனியாக இருப்பதற்கென்றே காசு செலவழித்து இவ்வளவு தூரம் வந்தவள்.

ஊத்தப்பம் வந்தது. கோபத்தோடு முழுவதையும் சாப்பிட்டார். நன்றாகத்தான் இருந்தது, அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. கை கழுவி வெளியே வந்தபோது வாயில் வெங்காய வாசனை அடித்தது. எதிரே மலை நின்றது. யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. ‘என்ன வாசனை இது, எங்கே போய்த் தின்னுட்டு வரேள்?’ என்று கத்த வேண்டியவள் இல்லை. இனி நான் என்ன சாப்பிட்டாலும் யாருக்கும் ஒன்றுமில்லை என்று நினைத்தபோது ரோட்டிலேயே கண் கலங்கிவிட்டது. ஆட்டோக்காரன் ஒருவன், “ஓரமா போ சாமி,” என்று ஒதுங்கிப் போனான்.

மறுநாள் காலை அபிஷேகத்துக்கு முன்னாலேயே ஸ்கந்தனைப் பிடித்தார்.

“பாருடா. எங்கேயாவது இருந்தா பாரு. ஆனா மேளம் கிளம் எல்லாம் கிடையாது.”

மேளம் வேண்டாம் என்பதற்கு முன்பே ஸ்கந்தன் ஒரு இடம் பார்த்து வைத்திருந்தான். கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் ஒரு கிராமத்துச் சிவன் கோயில் குருக்கள் இராமலிங்கம். அவர் தங்கை ராஜராஜேஸ்வரி. நாற்பத்தெட்டு வயசு, கல்யாணம் ஆகவில்லை. முதலில் ஜாதகம் சரியில்லை என்றார்கள், பிறகு வயசு சரியில்லை என்றார்கள், அப்புறம் சொல்வதையே விட்டுவிட்டார்கள். கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள்.

இருவரும் பஸ்ஸில் போனார்கள். மணிலாக்கொட்டை மூட்டை ஏற்றிய வேன்கள் வழியை அடைத்துக்கொண்டு நின்றதால் போய்ச் சேர வெகு நேரமாயிற்று. கூடத்தில் பாய் விரித்திருந்தது. இராமலிங்கம் மரியாதையாக உட்கார வைத்து வெயிலைப் பற்றிப் பேசினார், விலைவாசியைப் பற்றிப் பேசினார், பேச வேண்டியதைத் தவிர எல்லாவற்றையும் பேசினார். பெண் உள்ளே இருந்து காபியோடு வரவில்லை. தெருவிலிருந்து வேகமாக வந்தாள். விரல்களில் கறுப்பு மை ஒட்டியிருந்தது.

“மன்னிச்சுக்கோங்கோ, கடையில கரண்ட் போயிடுத்து. ஒருத்தரோட பட்டா பாதி பிரிண்ட்ல நிக்கறது. சீக்கிரம் போகணும்.”

உட்கார்ந்தாள். நேராக அவரைப் பார்த்தாள். கபாலி குருக்களை இவ்வளவு நேராக யாரும் பார்த்ததில்லை. கோயிலில் எல்லோரும் அவரைத் தாண்டி உள்ளேதான் பார்ப்பார்கள்.

“ஒண்ணு கேக்கலாமா?” என்றாள்.

“கேளுங்கோ.”

“ஆம்படையா இல்லாமலே உள்ளே போலாம்னு யாராவது சொல்லியிருந்தா, இன்னிக்கு நீங்க இந்த ஆத்துக்கு வந்திருப்பேளா?”

ஸ்கந்தன் பாய்க்கு அடியில் பெரியப்பாவின் காலை மிதித்தான். குருக்கள் காலை இழுத்துக்கொண்டார்.

“வந்திருக்க மாட்டேன்.”

இராமலிங்கத்துக்கு இருமல் வந்துவிட்டது. ஆனால் ராஜராஜேஸ்வரி சிரித்தாள்.

“இதுவரைக்கும் வந்தவா எல்லாரும் என் குணத்தைக் கேள்விப்பட்டு வந்ததாச் சொன்னா. எனக்கு அப்படி ஒண்ணும் குணம் கிடையாது. நீங்க ஒருத்தர்தான் உண்மையைச் சொல்றேள்.” எழுந்துகொண்டாள். “திங்கக்கிழமை கார்த்தால கடையைப் பூட்டிட்டு உங்க கோயிலுக்கு வரேன். எந்தச் சாமிக்காக என்னைக் கேக்கறேள்னு பாக்கணும். அப்புறம் சொல்றேன்.”

இதற்கு அவள் அண்ணன் என்ன நினைத்தாரோ, அவள் அதைக் கேட்க நிற்கவில்லை. பட்டா காத்திருந்தது.

திங்கட்கிழமை வரைக்கும் குருக்கள் வேறு ஆளாக இருந்தார். முகம் மழித்துக்கொண்டார். பரணில் இருந்த பாத்திரங்களை இறக்கிக் கழுவினார். புதிதாகச் சந்தனக் கட்டை ஒன்று வாங்கிவந்து, அது ஸ்கந்தனுக்கில்லை என்பதால் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். கோயிலில் எதிரே நின்றபோதும் திட்டவில்லை. படிக்கு அந்தப் பக்கம் இருந்த கல்லைப் பார்த்து மனசுக்குள், ‘கொஞ்ச நாள்தான், வந்துடறேன்,’ என்று சொல்லிக்கொண்டார். சாமியிடம் அப்படி உரிமையாகப் பேசக்கூடியவர் அவர் ஒருவர்தான் என்று அவருக்கு ஒரு நினைப்பு.

ராஜராஜேஸ்வரி சொன்ன நேரத்துக்கு வந்தாள். ஆட்டோவிலிருந்து இறங்கி வெள்ளையம்மாளிடம் இரண்டு முழம் பூ வாங்கினாள். ஒரு முழத்தைச் சாமிக்கென்று தட்டில் வைத்தாள், ஒரு முழத்தைத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். உள்ளே ஸ்கந்தன் அபிஷேகத்தை ஆரம்பித்திருந்தான். குருக்கள் அவளை அழைத்துப்போய்க் கருவறைக்கு எதிரே நிறுத்தித் தானும் பக்கத்தில் நின்றார்.

பால் முடிந்து, தயிர் முடிந்து, மேலே தண்ணீர் விட்டுத் துடைத்து, திரை போட்டு, திரை விலகியது. ஸ்கந்தன் மணியை ஆட்டித் தீபத்தைத் தூக்கினான். ராஜராஜேஸ்வரி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். குருக்களும் கைகூப்பினார். கைகூப்பிய பிறகுதான் அவருக்கு உறைத்தது. கோயிலில் ஒரு பெண்ணின் பக்கத்தில் நின்று அவர் சாமி கும்பிடுவது இதுதான் முதல் தடவை. ஊரில் எத்தனையோ புருஷன் பெண்டாட்டிகள் ஜோடியாக வந்து நின்று அவரிடம் திருநீறு வாங்கிப் போயிருக்கிறார்கள். அவரும் சொர்ணாம்பாளும் ஒரு நாள்கூட அப்படி நின்றதில்லை. அவள் இருந்ததால்தான் அவர் உள்ளே இருக்க முடிந்தது. அவர் உள்ளே இருந்ததால் அவள் பக்கத்தில் நிற்க முடியவில்லை.

“மாமி எங்கே நிப்பா?” என்று கேட்டாள் ராஜராஜேஸ்வரி.

“என்னது?”

“உங்க ஆத்துக்காரி. தினமும் கோயிலுக்கு வருவான்னு ஸ்கந்தன் சொன்னார். எங்கே நின்னு தரிசனம் பண்ணுவா?”

குருக்கள் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். சொர்ணாம்பாள் தினமும் நைவேத்தியச் சாதத்தைத் துணியால் மூடிக் கொண்டுவருவாள். படியில் வைப்பாள். அவர் அதை எடுத்துக்கொண்டு உள்ளே திரும்பிவிடுவார். தீபாராதனை முடிந்து தட்டோடு வெளியே வரும்போது, அவருக்குச் சாப்பாடு வைக்க அவள் வீட்டுக்குப் போயிருப்பாள். நடுவில் அவள் எங்கே நின்றாள்? விளக்கின் பக்கத்தில் இருப்பவனுக்கு மண்டபம் வெறும் இருட்டு. அந்த இருட்டில் அவள் எங்கோ இருந்திருக்கிறாள்.

“இங்கேதான்... எதிர்ல...” என்றார்.

“அங்க இல்ல சாமி,” என்று வாசலிலிருந்து குரல் வந்தது. வெள்ளையம்மாள் பூ கட்டுவதை நிறுத்தாமலே சொன்னாள். “சோத்துக் கை பக்கம், உள்ள ரெண்டாவது தூணு கீதே, அத்தாண்ட. சாஞ்சிக்கினு நிப்பாங்க.”

ராஜராஜேஸ்வரி போய் அந்தத் தூணில் சாய்ந்து நின்றாள். எட்டிப் பார்த்தாள், குனிந்து பார்த்தாள்.

“இங்கேந்து சாமி தெரியலையே. வாசக்கால் மறைக்கறது.”

“அதான் நானும் ஒரு தபா கேட்டேன்,” என்றாள் வெள்ளையம்மாள். “இன்னாம்மா, சாமி தெரியாத எடத்துல நின்னுக்கினு கும்புடறியே, எதிர்ல போய் நில்லேன்னு. அதுக்கு அந்தம்மா இன்னா சொல்லிச்சி தெரியுமா? அங்க நின்னா சாமி தெரியும், இங்க நின்னா அவர் முகம் தெரியும்னு சொல்லிச்சி. வூட்ல அந்த முகம் வராதுடீன்னு சொல்லி ஒரே சிரிப்பு.”

சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். மண்டபத்தில் வேறு யாரும் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்து நிறுத்திக்கொண்டாள்.

ராஜராஜேஸ்வரி ஒதுங்கி இடம் விட்டாள். குருக்கள் அந்தத் தூணருகே போய் நின்றார். அவள் சொன்னது சரிதான், லிங்கம் தெரியவில்லை. வாசற்காலைத் தாண்டிக் கருவறையின் தெற்கு மூலை மட்டும் தெரிந்தது. பூஜை செய்கிறவன் நிற்கும் மூலை அது. அங்கே ஸ்கந்தன் குனிந்து, கீழே விழுந்த பூக்களை ஒதுக்கி, வஸ்திரத்தின் இடது பக்கத்தை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தான். குளிப்பாட்டிய குழந்தைக்குச் சட்டை மாட்டுவதுபோல அவ்வளவு பதமாகச் செய்தான். உதடு எதையோ முணுமுணுத்தது. விளக்கு வெளிச்சம் முழுவதும் அவன் முகத்தில்தான் விழுந்தது. எப்போதும் உம்மென்று இருக்கும் அந்தப் பையனுக்கு இப்படி ஒரு முகம் இருப்பது குருக்களுக்குத் தெரியாது. தன்னை ஒருவர் பார்க்கிறார் என்று அவனுக்கும் தெரியாது.

தனக்கும் அப்படி ஒரு முகம் இருந்திருக்கிறது. உப்பு கம்மி, காபி ஆறிப்போச்சு என்று சிடுசிடுக்கும் முகத்தோடு வீட்டில் இருந்துவிட்டு, நல்ல முகத்தை மொத்தமாகக் கொண்டுவந்து இங்கே இந்தக் கல்லுக்குக் கொடுத்திருக்கிறார். அவளுக்கு வர வேண்டியதை அவள் இந்தத் தூணோரமாக வந்து நின்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள். கேட்கவும் இல்லை, சொல்லிக் காட்டவும் இல்லை. ஒன்றுக்கு நாலாகப் பதில் பேசுகிறவள், இதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

குருக்கள் தூணைப் பிடித்துக்கொண்டார். இந்தத் தடவை எதற்காக அழுகிறார் என்பதில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

ராஜராஜேஸ்வரி கொஞ்ச நேரம் நந்தியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் பக்கத்தில் வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

“எனக்குச் சம்மதம். சாமியைப் பாத்துட்டுச் சொல்றேன்னு சொன்னேன். சாமிக்காக இல்லே. இப்படி அழறவர் கெட்டவரா இருக்க மாட்டார். தனியா இருந்து எனக்கும் போதும்னு ஆயிடுத்து.”

இதைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது குரலிலேயே தெரிந்தது. குருக்கள் அவளைப் பார்த்தார். தலையில் பூ வைத்திருந்தாள். விரல் நகத்தில் மட்டும் மை போகவில்லை. நல்லவள். அவள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள், இனி அவர் தலையை ஆட்டினால் போதும். பங்குனிக்குள் கதவு திறந்துவிடும், அந்தக் கல் உள்ளங்கைக்கு வந்துவிடும். வலது கை வேஷ்டி மடிப்பில் தானாகக் குவிந்தது.

“வேண்டாம்மா,” என்றார்.

அவள் அன்றைக்குப் பார்த்ததுபோலவே நேராக அவரைப் பார்த்தாள். காரணத்தை அவரே சொல்ல வேண்டியிருந்தது.

“நான் உள்ளே போறதுக்காகத்தான் உங்களைத் தேடி வந்தேன். இப்ப உள்ளே போய் நின்னா எனக்கு இந்தத் தூண்தான் தெரியும். சாமி தெரிய மாட்டார். சாமியும் இல்லேன்னா உங்களை எதுக்குக் கூட்டிண்டு வரேன்? மாமி நின்ன இடத்துல நிறுத்தி வைக்கவா? அது பாவம்.”

“நான் அங்கே நிக்க மாட்டேன்,” என்றாள் அவள். “எதிர்லதான் நிப்பேன். எனக்குச் சாமி தெரியணும்.”

“அதான் சரி.”

“அப்புறம் என்ன?”

குருக்கள் திரும்பித் தூணைப் பார்த்தார். அவள் ஸ்கந்தன் கொடுத்த திருநீற்றை வாங்கி நெற்றியில் இட்டுக்கொண்டு, மிச்சத்தைத் தூணில் கொட்டாமல் காகிதத்தில் மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“சரி, நான் கிளம்பறேன். கடையைத் திறக்கணும். திங்கக்கிழமைன்னா கூட்டம் ஜாஸ்தி இருக்கும்,” என்றாள்.

வாசலைத் தாண்டும்வரை நிமிர்ந்துதான் நடந்தாள். சந்து திரும்பும் இடத்தில் நின்று தலையிலிருந்த பூவைத் தொட்டுப் பார்த்தாள். எடுத்துவிடலாமா என்று யோசித்தவள்போல இருந்தது. எடுக்கவில்லை, அப்படியே போய்விட்டாள். தன் தனிமைக்கு ரோட்டில் நின்று அழுதவர், அவள் தனிமையை வந்த வழியே திருப்பி அனுப்பினார். அது அவருக்கும் தெரியும்.

ஸ்கந்தன் தட்டோடு வந்து நின்றான். முகத்தைப் பார்த்தே எல்லாம் புரிந்துவிட்டது அவனுக்கு.

“பங்குனிக்கு அப்புறம் யார் பெரியப்பா சாமியைத் தொடுவா?”

“யாராவது வருவாண்டா. நம்மவாள்லேயே ஆரணிப் பக்கம், செய்யாறு பக்கம் சொல்லி வைக்கலாம். புதுசாக் கல்யாணம் ஆனவனா வருவான். நீ ஈப்போவுக்குக் கிளம்பு.”

ஸ்கந்தன் தட்டை நீட்டினான். இத்தனை வருஷம் பிறருக்குத் திருநீறு கொடுத்த கை குழிந்து அவன் முன்னால் நின்றது. வாங்கிப் பூசிக்கொண்டார். அவன் உள்ளே போய் நடையைச் சாத்தினான்.

குருக்கள் வாசலுக்கு வந்து வெள்ளையம்மாளின் பக்கத்தில் நின்றார். அவள் தலையை நிமிர்த்தாமல் பூவை அடுக்கிக்கொண்டிருந்தாள். வேண்டாததைச் சொல்லிவிட்டோமோ என்று அவளுக்கு உள்ளூரப் பயம்.

“வெள்ளையம்மா.”

“சொல்லு சாமி.”

“அந்த முகம்... எப்படி இருக்கும்னு அவ ஏதாவது சொன்னாளா?”

வெள்ளையம்மாள் நாரைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“அத்தெல்லாம் சொல்லல சாமி. நானும் பாத்ததில்ல. வாசல்ல குந்திக்கினு பூ கட்றவ, எனக்கின்னா தெரியும்?”

குருக்கள் தலையை ஆட்டிக்கொண்டார். யாரைக் கேட்பது என்று யோசித்தார். வந்து போனவர்கள் எல்லோரும் சாமியைப் பார்த்தவர்கள். அவருக்கோ அந்த நேரத்தில் தான் என்று ஒருவன் இருப்பதே நினைவில் இருந்ததில்லை. பார்த்தவள் ஒருத்திதான், அவளும் போய்விட்டாள். கேட்பதற்கு ஆளே இல்லை என்று தெரிந்ததும் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.